லோஞ்சுக்கு முன்னம் முடியும் படம்

திருகோணமலைப் பட்டினத்தில் பக்கீர் நானாவின் முகத்தை அறியாதவர்கள் இருந்திருக்கலாம். குரலை அறியாதவர்கள் இருந்திருக்க முடியாது. தியேட்டர் முதலாளியின் பழைய மொரிஸ் மைனர் காரின் கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். முன் இருக்கையில் மைக்கைக் கைலேஞ்சியால் சுற்றிப் பிடித்தபடி அவர் இருப்பார். கார் ஆஸ்பத்திரியை நெருங்கியதும் குரல் தானாகவே தணியும். பாங்கு சொல்லும் நேரத்திலும் கோயிலில் மணி அடிக்கும் நேரத்திலும் மைக்கை மடியில் வைத்துவிடுவார். அடுத்த சந்தியில் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

இளமையில் அவர் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். காலையில் வாசலில் நின்று கூலிக்காரரின் பெயர்களைக் கூப்பிடுவதே வேலை. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது பெயர் கூப்பிட ஆட்கள் இல்லாமற்போனார்கள். பிறகு மூதூருக்கு லோஞ்ச் என்ற இயந்திரப் படகு புறப்படும் ஜெட்டியில் தகரக் குழலொன்றை வாயில் வைத்துப் பயணிகளைக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் தியேட்டர் முதலாளி பாக்கியரத்தினம் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். என் தந்தை ஞானசேகரம் அங்கே டிக்கற் கொடுப்பவர். அறிவித்தற் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படத்தின் பெயரை எழுதுவது, பள்ளிப் படிப்பு முடிந்த காலத்திலிருந்து என் வேலையாக இருந்தது. பக்கீர் நானாவின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி.

ஊருக்கு ஊர் அவருடைய அறிவிப்பு வேறாக இருக்கும். சல்லிக்குப் போனால் சண்டைக் காட்சிகளைச் சொல்வார். கிண்ணியாவில் சிரிக்கவைக்கும் பகிடிக் காட்சிகள். மூதூருக்குக் கார் போகாது. வாரம் ஒருமுறை தகரக் குழலோடு லோஞ்சில் போய்த் தெருத்தெருவாக நடப்பார். அங்கே படத்தைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். “பெண்களுக்குத் தனி வாசல், தனி இருக்கை. சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படம். கடைசி லோஞ்சுக்கு முன்னம் முடியும்!” இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மூதூர் வீடுகளின் கதவுகள் திறக்கும். தரைவழியே போவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதைப் படகு பிடிக்கவேண்டும். பொழுதுபட்டால் அதுவும் இல்லை. ஐந்தரை மணி லோஞ்சைத் தவறவிட்ட பெண் அன்றிரவு வீடு சேர முடியாது. பக்கீர் சொன்னால் சரி என்று மாமியார்கள் மருமக்களை அனுப்பினார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ‘மூன்றாம் வீட்டு விளக்கு’ என்ற படம் வந்தது. வழக்கமாக ஒரு படம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடிக் களைத்துத்தான் எங்களிடம் வரும். அதற்குள் படத்தைப் பற்றிய கதையெல்லாம் ரயிலில் வந்துவிடும். அந்தக் கதைகளை வைத்துத்தான் பக்கீர் நானா கூவுவார். படம் பார்க்க அவருக்கு நேரம் ஏது? படம் ஓடும் நேரமெல்லாம் அவர் தெருவில் இருப்பார். இந்தப் படத்தைப் பற்றி எந்தக் கதையும் வரவில்லை. விளம்பரத்தாளில் கத்தி பிடித்த ஒரு கை மட்டும் இருந்தது.

“கொலை இருக்கு, பொலிஸ் இருக்கு. சண்டைப் படமெண்டு சொல்லு” என்றார் முதலாளி.

பக்கீர் நானா அப்படியே சொன்னார். “இருந்த இடத்தில இருக்க விடாத படம்!” என்று எங்கள் ஒழுங்கையில் அவர் கூவியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூதூரில் வழமையான வசனத்தையும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவும் பெண்கள் பகுதியில் இருந்தோம். படத்தில் ஒரு கடைக்காரன் கொல்லப்படுகிறான். கொன்றவன் தெருவின் மூன்றாவது வீட்டுக்காரன் என்பது பொலிஸ்காரனுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. சாட்சிதான் இல்லை. அவன் எதிரே உள்ள தேநீர்க் கடையில் போய் உட்காருகிறான். உட்கார்ந்தே இருக்கிறான். மூன்றாம் வீட்டுக்காரனின் மனைவி ஒவ்வொரு மாலையும் வாசலில் விளக்குக் கொளுத்துகிறாள், அரிசி புடைக்கிறாள், கணவனுக்குச் சோறு போடுகிறாள். பாட்டில்லை. சண்டையில்லை. மழை பெய்தால் மழை விடும்வரைக்கும் காட்டினார்கள்.

சல்லியிலிருந்து சைக்கிள்களில் வந்திருந்த மீன்பிடிகாரர் முதலில் விசிலடித்தார்கள். “அவன் குடிச்ச தேத்தண்ணி காணும், எழும்பச் சொல்லுங்கோடா!” என்று ஒருவர் கத்தத் தியேட்டரே சிரித்தது. இடைவேளையில் அவர்களில் பாதிப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல் வகுப்பில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் இடைவேளை முழுவதும், வெளிச்சத்தை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் பார்த்தீர்களா என்று வியந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்து மணி தாண்டியும் படம் முடியவில்லை. பெண்கள் பகுதியில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. மூதூர்ப் பெண்கள் சிலர் எழுந்து ஓடினார்கள். சிலர் எழுந்து நின்று, திரையைப் பார்த்து, திரும்பவும் இருந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த மைமூனா என்ற பெண் அசையவே இல்லை. படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகுதான் “அல்லாஹ்வே, லோஞ்ச்!” என்றார்.

லோஞ்ச் போய்விட்டிருந்தது.

பக்கீர் நானா சல்லிப் பக்கம் கூவிவிட்டு வந்தபோது தியேட்டர் வாசலில் மூதூர்ச் சனம் நின்றது. அவர் ஆண்களையும் பெண்களையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பொலிஸ் நிலையத்துக்கு ஓடி, மூதூருக்குத் தொலைபேசியில் சேதி சொல்லச் செய்தார். அவருடைய மனைவி ரபீக்கா ராத்தா பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார். நான் தேங்காய் துருவினேன்.

மஃரிபுத் தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தார்கள். பெண்கள் உள்ளே, ஆண்கள் முன் அறையில். நடுவே ஒரு வாசல் திரை. சோற்றுக்கு ஊற்றிய கீரிமீன் ஆணத்தின் வாசனையோடு பேச்சும் திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது.

முதலில் தொடங்கியவர் ஜெமீல். மூதூரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர்.

“ஒரு போலிஸ்காரன் தேத்தண்ணிக் கடையில இரிக்கிறான். இரிக்கிறான். இன்னமும் இரிக்கிறான். மனிசன் தேத்தண்ணி குடிக்கிறதப் பாக்கவோ நான் கடல் தாண்டி வந்தனான்? அத என்ட கடை வாசல்லயே பாக்கலாமே!”

“பாதியில எழும்பி ஓடின ஆள் படத்தப் பத்திக் கதைக்கவேணாம்” என்று உள்ளேயிருந்து மைமூனாவின் குரல் கேட்டது.

“ஓடியும் என்ன புண்ணியம்? நான் ஜெட்டியடிக்குப் போகக்குள்ள லோஞ்ச் அங்கால போய்த்து. படமும் போச்சு, லோஞ்சும் போச்சு. சரி, சொல்லுங்க. கடைசியில அவன் புடிபட்டானோ?”

“புடிபட்டான்” என்றார் ஒருவர்.

“எங்க புடிபட்டான்? விளக்கு எரியல்ல, அவ்வளவுதான். அதோட படம் முடிஞ்சுது” என்றார் இன்னொருவர்.

“எண்ணெய் முடிஞ்சிரிக்கும்.”

“எண்ணெய் முடியவுமில்ல, ஒண்டுமில்ல!” மைமூனா சோற்றுக் கையோடு திரையடிக்கு வந்துவிட்டார். “அண்டைக்கு அவள் வேணுமெண்டு கொளுத்தாம விட்டவள். வாயால சொல்ல ஏலாது, புருசன். அதால விளக்க எரிக்காமக் காட்டினவள். போலிஸ்காரனுக்கு அது விளங்கினது. அதுக்குத்தான் அவன் அத்தின நாளும் இருந்தவன்.”

“இதச் சொல்ல இவ்வளவு நேரமோ?” என்றார் ஜெமீல்.

“ஒரு பொம்பிள அந்த முடிவுக்கு வர எவ்வளவு நேரமெடுக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது, ஜெமீல் காக்கா.”

ஜெமீல், “அப்ப நான் ஆரை நம்புறது? ஒரு படம் பாத்தவங்க மூண்டு முடிவு சொல்றீங்க. பக்கீர் நானா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே எங்களக் கூப்பிட்டது” என்றார்.

சோற்றுச் சட்டியோடு நின்ற பக்கீர் நானா சட்டியைக் கீழே வைத்தார்.

“நான் இன்னம் படத்தப் பாக்கல்ல.”

திரைக்குப் பின்னால் மைமூனாவின் குரல் மாறியது. “பாக்காமலோ லோஞ்சுக்கு முன்னம் முடியும் எண்டு சொன்னீங்க? என்ட மாமி என்னை விட்டது படத்துக்காக இல்ல நானா. உங்கட சொல்லுக்காக. இப்ப எங்கட ஊட்டு வாசல்ல போலிஸ் வந்து நிண்டிரிக்கும். இனி எங்கட தெருவில ஒரு பொம்பிளையையும் ஒரு படத்துக்கும் விடமாட்டாங்க.”

அன்று பக்கீர் நானா சாப்பிடவில்லை என்று ரபீக்கா ராத்தா பின்னர் சொன்னார்.

மறுநாள் காலை முதல் லோஞ்சில் அவரும் ரபீக்கா ராத்தாவும் அவர்களோடு மூதூருக்குப் போனார்கள். அங்கே நடந்ததை ராத்தாவின் வாயால்தான் கேட்டேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “பிள்ளையில பிழையில்ல. பிழை என்ட” என்றாராம். மைமூனாவின் மாமியார் பல்கீஸ் உம்மா கதவைப் பாதி திறந்து, “உங்கட வாயால என்னவும் சொல்லுவீங்க” என்றுவிட்டு மூடிக்கொண்டாராம். பிறகு அவர் கடைத்தெரு நடுவே போய் நின்று தகரக் குழலை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். “நான் பாக்காத படத்தப் பாத்த மாதிரிச் சொன்னனான். முடியாத நேரத்த முடியுமெண்டு சொன்னனான்” என்று கடைசித் தெருவரைக்கும் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறார். தகரக் குழலில் படங்களைக் கூவிய ஒரு மனிதர் அதே குழலில் தன் பிழையைக் கூவியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பட்டினத்துக்குத் திரும்பி வந்தவர் ஞாயிறு பகல் காட்சிக்குப் போய்க் கலரி எனும் கீழ் வகுப்பின் வாங்கில் இருந்தார். அத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரு படத்தை முழுதாகப் பார்த்தார். இடைவேளைக்கும் அவர் எழும்பவில்லை என்று அப்பா சொன்னார். வெளியே வந்தவரிடம், “எப்பிடிப் பக்கீர்?” என்று அப்பா கேட்டாராம்.

“படம் நல்லம். ஆனா நான் சொன்ன படம் இதில்ல.”

திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் மொரிஸ் மைனர் வந்தபோது நான் வாசற் படலையடிக்குப் போய் நின்றேன். அந்த அறிவிப்பில் வழக்கமான முழக்கம் இல்லை. பக்கத்து வீட்டாரோடு கதைப்பது போலிருந்தது.

“‘மூன்றாம் வீட்டு விளக்கு’. இது மெதுவா, ஆறுதலாப் போற படம். சண்டையில்ல, பாட்டில்ல. ஒரு கொலை, அதுவும் தொடக்கத்திலயே முடிஞ்சிடும். பிறகு ஒருத்தன் காத்திருக்கிறான், ஒருத்தி யோசிக்கிறாள். இருக்க ஏலாதவங்க வரவேணாம், எழும்பித்தான் போவீங்க. ஆருக்காவது காத்திருந்து பழகினவங்க வாங்க, உங்களுக்கு விளங்கும்.”

பாக்கியரத்தினம் முதலாளி அவரைக் கூப்பிட்டு ஏசினார். “வரவேண்டாமெண்டு சொல்லவோ உன்னைக் காரில ஏத்தி விட்டனான்? என்ர கதிரையளுக்கோ படம் காட்டுறது?”

“வாறவங்க பிறகும் வருவாங்க முதலாளி. பொய்க்கு வந்தவங்க ஒருக்காத்தான் வருவாங்க. இன்னுமொண்டு கேக்கவேணும். சனிக்கிழமைப் படத்த ஒரு மணிக்குத் தொடங்குங்க. மூதூர்ச் சனம் லோஞ்சைப் புடிக்கட்டும்.”

“மூதூரான் இனி வருவானெண்டு நினைக்கிறியோ?”

“வராட்டி நான் மைக்கைத் தந்துட்டுப் போறன்.”

முதலாளி சம்மதித்தார். எப்படியும் இருக்கைகள் வெறுமையாகத்தானே கிடக்கின்றன என்றும் முணுமுணுத்தார். பலகையில் இரண்டு மொழியிலும் நேரத்தை அழித்து எழுதினேன். புதன்கிழமை பக்கீர் நானா மூதூருக்குப் போய், படம் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வாரம் தியேட்டர் நிறையவில்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாதிமார் வந்தார்கள். கப்பல்துறையிலிருந்து ஒரு குடும்பம் வந்து, வீடு திரும்பப் பஸ் வரும்வரைக்கும் அந்த விளக்கைப் பற்றியே கதைத்துக்கொண்டு நின்றது. சல்லியிலிருந்து வந்து விசிலடித்தவர்களில் ஒருவர் திரும்பி வந்து, தனியாக ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை லோஞ்ச் வரும் நேரத்துக்குப் பக்கீர் நானா ஜெட்டியில் போய் நின்றார். எனக்கு அன்று அந்தப் பக்கம் வேலை இருந்தது. கடலைப் பார்த்தபடி அவர் நின்ற விதம், படத்தில் அந்தப் பொலிஸ்காரன் இருந்த விதம் போலவே இருந்தது. லோஞ்ச் வந்தது. மீன் கூடைகளும் நெல் மூட்டைகளும் இறங்கின. ஆட்கள் இறங்கினார்கள். ஒருவரும் தியேட்டர்ப் பக்கம் திரும்பவில்லை. பக்கீர் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக ஜெமீல் இறங்கினார். “முக்கால்வாசி நான் பாத்தாச்சு நானா. இப்ப போய்ச் சாப்பிட்டுட்டு, நாலு மணிக்கு உள்ளுக்கு வாறன்!” அவருக்குப் பின்னால் மைமூனா. அவர் கையைப் பிடித்தபடி பல்கீஸ் உம்மா. அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள்.

“இவள் ஒரு கிழமையா விளக்கு, விளக்கு எண்டு என்ட உயிரை எடுக்கிறாள்” என்றார் பல்கீஸ் உம்மா, பக்கீர் நானாவைப் பார்க்காமலே. “உண்மை என்ன எண்டு நானே பாக்க வந்தனான்.”

படம் ஐந்து மணிக்கு முன் முடிந்தது. பக்கீர் நானா அவர்களுக்கு முன்னால் நடந்து ஜெட்டிவரைக்கும் போனார். பின்னால் மாமியும் மருமகளும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“எண்ணெய்தான் முடிஞ்சது. நான் கண்ணால கண்டனான். அவள் புருசனக் காட்டிக் குடுக்கிற பொம்பிள இல்ல.”

“மாமி, போத்தல்ல எண்ணெய் இருந்தது! அலுமாரிக்கு மேல!”

“அது தலைக்கு வைக்கிற எண்ணெய்!”

லோஞ்சில் ஏறி அமர்ந்த பிறகு பல்கீஸ் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கரையில் நின்ற பக்கீர் நானாவை முதன்முறையாக நேரே பார்த்தார்.

“அடுத்த கிழமை என்ன படம்?”

பக்கீர் நானா பெயரைச் சொன்னார்.

“லோஞ்சுக்கு முன்னம் முடியுமோ?”

எந்திரம் இயங்கத் தொடங்கியிருந்தது. அவர் தகரக் குழலை வாயில் வைத்தார்.

“பாத்துப்போட்டுச் சொல்றன், உம்மா!”