சுருட்டிக் கட்டிய திரை

டிராம்பே கழிமுகத்தில் படகுத்துறைக்குத் தூண் இறக்கும் வேலை, நான்தான் சூப்பர்வைசர். கலங்கும் சேறு வெளியே பரவாமல் இருக்க, மிதவைகளில் கனமான துணித்திரை ஒன்றைத் தொங்கவிட்டுச் சுற்றிலும் கட்டியிருந்தோம். தண்ணீர் வற்றும்போதெல்லாம் அது தரையில் உரசிக் கிழிந்தது. தைத்துத் தைத்து அலுத்துப்போய் ஒருநாள் ஆட்களிடம் சொன்னேன்: "சுருட்டி மேல கட்டிருங்கடே. எவன் முங்கிப் பாக்கப் போறான்?"

மேலே மஞ்சள் மிதவைகள் வரிசையாக, அழகாகத்தான் மிதந்தன.

பக்கத்துச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கும் மீனவப் பெண் ஒருவர் என்னை 'அண்ணா' என்பார். போகும்போது எனக்கும் கொஞ்சம் மட்டி அள்ளித் தருவார். இரண்டே மாதத்தில் மட்டியெல்லாம் சேறு மூடிச் செத்துப்போயின. வெறுங்கூடையோடு அவர் வந்தபோது, திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"நீங்க என்ன செய்வீங்க அண்ணா? திரை கட்டிக் காப்பாத்தத்தானே பாத்தீங்க. எங்க நேரம்" என்றார் இந்தியில்.

ஆமாம் என்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

மறுநாள் நானே படகில் போய், முடிச்சுகளை அவிழ்த்துத் திரையை இறக்கினேன். காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அவர் திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.