சசிரேகா பெயரில் ஒரு லாகின்

நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு ஒன்று இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால், அதைக் கொண்டு நேற்று யார் என்ன செய்தார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? நாளைக்கு அந்தப் பழி உங்கள் தலையில் விழுந்தால், எதைக் காட்டித் தப்பிப்பீர்கள்?

சசிரேகாவிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் வேலை செய்த கம்ப்யூட்டரில் அவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். தாய் ராக்கம்மா சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, இங்கே கொழுந்து பறித்து மகளை ஊட்டியில் உள்ள அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். ஐந்து டீ ஃபாக்டரி வைத்திருந்த ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் சசிரேகாவுக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

அந்த ஃபாக்டரிகளில் இருந்தவை பழைய கம்ப்யூட்டர்கள். கொழுந்து எடை போடும் மென்பொருள், மெஷின் ரிஜிஸ்டர், வருகைப் பதிவு எதுவும் அவற்றுக்குள் கிடையாது. எல்லாம் குன்னூர் அலுவலகத்து சர்வரில், ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்தது போல ஓடும். ஃபாக்டரித் திரையில் தெரிவது அதன் பிம்பம்தான். பெட்டியை மாற்ற, பழையதைத் திரும்ப வைக்க, யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய, சர்வரின் கருப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். அதை அடிக்கும் அதிகாரம் ‘அட்மின்’ என்ற ஒரே லாகினுக்குத்தான் இருந்தது.

அந்த லாகின் டெக்னிக்கல் மேனேஜர் ஹரிஹரசுதனுடையது. ஃபாக்டரி மெஷின்களுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் அவரே பொறுப்பு. அவருக்குக் கட்டளைகளில் மூன்றுகூட மனப்பாடம் இல்லை. வேலை முழுவதும் சசிரேகாவுடையது.

“சார், என் பேர்ல ஒரு லாகின் போட்டுக்கறேனுங்க,” என்று அவள் கேட்காத வருடம் இல்லை.

“ஏம்மா, உன் பேருல வேற ஒண்ணு எதுக்கு? என்னுது இருக்குதல்ல. நம்ம எல்லாம் ஒரே குடும்பம்.”

ஒரே குடும்பம். இந்தச் சொல்லை முதலாளிகளும் மேனேஜர்களும் எப்போது எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நாம் உரிமை கேட்கும்போது எடுப்பார்கள். பழி போடும்போது உள்ளே வைத்துவிடுவார்கள்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். புதியது ஏதாவது ஒரு சாமியின் பெயர், கூடவே வருடம். ஜெனரல் மேனேஜர் ராஜசேகர் அதை ஒரு சீட்டில் எழுதி, சர்வர் அறை வாசலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அன்று யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் சீட்டை எடுத்து, ‘நல்லா ஓடட்டும்’ என்று சசிரேகாவிடம் கொடுப்பார்கள். சர்வருக்குத் தேவையானது குளிர்ந்த காற்றும் தடையில்லாத மின்சாரமும்தான் என்று அவள் ஒரு முறை சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு ‘சாமி இல்லாதவ’ என்று பெயர். அவள் அதை மறுக்கவில்லை. பூஜையன்று பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில், மூன்றாம் நம்பர் ஃபாக்டரியில், இலையை அரைக்கும் ரோலருக்குள் மூக்கம்மாவின் வலது கை போனது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. மூக்கம்மா சசிரேகாவின் லயத்தில் அடுத்த வீடு. ராக்கம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் சசிரேகாவுக்குச் சோறு போட்ட கை அது.

அந்த ரோலரின் பாதுகாப்பு மூடி ஆகஸ்ட் மாதமே உடைந்துவிட்டது. ஃபாக்டரி மெக்கானிக் இசக்கிமுத்து அதை மெஷின் ரிஜிஸ்டரில் ஏற்றியிருந்தார். அவர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எதையும் எழுதி வைக்காமல் விட்டால் ஆள் சாகும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். ‘மூடி உடைந்தது. மெஷினை நிறுத்த வேண்டும்.’ அதற்குக் கீழே ஹரிஹரசுதனின் பதில்: ‘சீசன் முடியட்டும். ஓடட்டும்.’

தொழிற்சாலை ஆய்வாளர் விஜயதசமிக்கு மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. வந்தார். ரிஜிஸ்டரைத் திறந்தால் ஜூலை மாதத்தோடு நின்றது. ஆகஸ்ட் இல்லை, செப்டம்பர் இல்லை, இசக்கிமுத்து எழுதியதும் இல்லை.

“நான் எழுதினேனுங்க ஐயா,” என்றார் இசக்கிமுத்து.

“எழுதியிருக்கலாம்,” என்றார் ஹரிஹரசுதன், மிகவும் வருத்தப்பட்ட முகத்தோடு. “என்ன இருந்துச்சுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? எங்க ஆபரேட்டர் பொண்ணு லீவு நாள்ல ஊட்டுல இருந்து லாகின் பண்ணி, தப்பான கட்டளையப் போட்டு, ஜூலைப் பெட்டியத் திருப்பி வெச்சுருச்சு. பூஜை நாளுங்க. நாங்க யாரும் தொட மாட்டோம். சாமி இல்லேன்னு சொல்றவளுக்குப் பூஜை நாளாவது, கீஜை நாளாவது.”

சர்வர் பதிவைக் கேட்டார் ஆய்வாளர். அட்மின் உள்ளே வந்தார், பெட்டியை மாற்றினார் என்ற இரண்டு வரியைத் தாளில் எடுத்துக் கொடுத்தார்கள். அட்மினில் கட்டளை அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் யார்? அலுவலகமே திரும்பி சசிரேகாவைப் பார்த்தது. பூஜையன்று மாற்றிய பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதற்கு, கிளம்பும் முன் சீட்டைப் பார்த்திருப்பாள் என்றார்கள். மூடியை மூக்கம்மாவே கழற்றியிருக்கலாம் என்று ஹரிஹரசுதன் சேர்த்துக்கொண்டார். அன்று மாலைக்குள் சசிரேகாவுக்கு சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. அந்த விஜயதசமிக்குப் புதிய பாஸ்வேர்டுச் சீட்டை அவளிடம் கொடுக்கவே இல்லை. ஒரு கட்டளை அடித்துப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு வழி இல்லாமல் போனது.

பஸ்ஸில் லயத்துக்குத் திரும்பும்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் தங்கை கல்யாணத்துக்கு லீவு எடுத்தபோது, ஹரிஹரசுதனுக்காக அவளே கைப்பட ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: பெட்டி கெட்டுப்போனால் பழையதை எப்படித் திருப்பி வைப்பது, என்னென்ன கட்டளை, எந்த வரிசையில். கடைசி வரியில் சிவப்பு மையில், ‘எடுத்த பெட்டியை அழிக்காதீர்கள். ஓரமாக வையுங்கள். தொண்ணூறு நாளில் சர்வர் தானே அழித்துக்கொள்ளும்.’

அவருக்கு வேறு கட்டளை தெரியாது. அந்தத் தாளை அப்படியே பார்த்து அடித்திருப்பார். அப்படியென்றால் ஆகஸ்ட்டும் செப்டம்பரும் சர்வரின் ஓரத்தில் பத்திரமாக இருக்கின்றன. தொண்ணூறு நாள் வரை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுவார்கள். வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டாள்.

“தொரைகிட்டப் போய் மன்னிப்புக் கேளு புள்ள,” என்றார் ராக்கம்மா. “வேலையாவது மிஞ்சும்.”

“செய்யாததுக்கா?”

“செஞ்சதுக்கு யாரு கேக்குறா? நாங்க எல்லாம் செய்யாததுக்குக் கேட்டுத்தானே பொழச்சோம்.”

“அதான் இன்னும் லயத்துலயே இருக்கோம்மா.”

பக்கத்து வீட்டில் மூக்கம்மா இடது கையால் சோறு பிசையக் கற்றுக்கொண்டிருந்தார். சசிரேகா தினமும் போய் எதிரே உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். ஆறுதல் சொல்லப் போகவில்லை. கோபம் ஆறிவிடக்கூடாது என்று போனாள்.

“என்னடி மொறச்சுப் பாத்துக்கிட்டே இருக்க? ஊட்டி விடு, இல்லாட்டி எந்திரிச்சுப் போ,” என்பார் மூக்கம்மா.

அவள் ஊட்டி விட்டுவிட்டு, வந்து இன்னொரு கோடு போடுவாள்.

எழுபத்தோராவது நாள், டிசம்பர் உறைபனியில், சர்வர் நின்று திரும்ப எழுந்தது. ஐந்து ஃபாக்டரியிலும் எடைத்திரை வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதைக் கட்டியவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார். ஃபாக்டரி வாசல்களில் கொழுந்து மூட்டை மூட்டையாகக் கருத்துக்கொண்டிருந்தது. ராஜசேகரே போன் செய்தார்.

“ஒரு மணி நேரம் வந்துட்டுப் போம்மா. பழசெல்லாம் பேசிக்கலாம்.”

“வர்றேனுங்க சார். ஆனா அட்மின் பேர்ல தொட மாட்டேன். என் பேர்ல லாகின் வேணும். லெட்டர் வேணும்.”

லெட்டரை அவளே டைப் செய்து கொண்டு போனாள். நான்கு வரிதான். சசிரேகாவுக்கு அவள் பெயரில் நிர்வாக அனுமதி. இனி அதிகாரம் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனி லாகின். பொது அட்மின் மூடப்படும். சர்வரின் பதிவுகளைப் படிக்கவும் உரிய அரசு அதிகாரிக்குக் கொடுக்கவும் சசிரேகாவுக்கு அனுமதி. ராஜசேகர் முதல் வரியைப் படித்தார். வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார்.

“கவர்ன்மென்ட் ஆர்டர் மாதிரியல்ல கேக்குறா,” என்று சிரித்தார் ஹரிஹரசுதன். “கம்ப்யூட்டருக்கு இனி சாமி இவதான் போல.”

“சாமி கும்புடறவங்க பூஜை நாள்ல தொட மாட்டாங்களே சார்,” என்றாள் அவள். அவர் சிரிப்பு நின்றது.

முதலில் எடைத்திரையைக் கொண்டுவந்தாள். வாசலில் மூட்டையோடு எடைக்கு நிற்பவர்கள் அவளுடைய ஆட்கள். அவர்களை நிறுத்தி வைத்துப் பழி தீர்ப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. இருபது நிமிடத்தில் ஐந்து ஃபாக்டரியும் ஓடியது. ஹரிஹரசுதன் எழுந்தார்.

“இருங்க சார், லெட்டர்ல இன்னும் மூணு வரி இருக்குது.”

ராஜசேகர் முன்னாலேயே ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே கட்டளை அடித்தாள். இசக்கிமுத்து: மெஷின் ரிஜிஸ்டரில் எழுதலாம், எழுதியதை வேறு யாரும் மாற்ற முடியாது. ராஜசேகர்: எல்லாவற்றையும் படிக்கலாம், ஒப்புதல் தரலாம். ஹரிஹரசுதன்: பார்க்கலாம்.

“பாக்கலாமா? பாக்க மட்டுமா?”

“ஆமாங்க சார். தொட முடியாது.”

பிறகு பூஜை நாளின் பதிவைத் திறந்தாள். ஆய்வாளருக்குக் கொடுத்தது இரண்டே வரி. சர்வரில் இருந்ததோ ஆறு வரி. மதியம் 3.36க்கு அட்மினில் நுழைய முயற்சி: பாஸ்வேர்டு தவறு. 3.37: தவறு. 3.38: தவறு. 3.43: உள்ளே. 3.51: பெட்டி மாற்றம். 3.52: வெளியே. ஒவ்வொரு வரியிலும் முயன்ற கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. அது ஹரிஹரசுதனின் லேப்டாப்.

“மூணு தடவ போன வருசத்துப் பாஸ்வேர்டப் போட்டிருக்கீங்க,” என்றாள். “காலைல மாத்துனது மறந்துபோச்சு. அப்புறம் அஞ்சு நிமிசம். உங்க மேசைல இருந்து சரஸ்வதி படத்துக்கு நடந்து போய், எலுமிச்சம்பழத்தத் தூக்கி, சீட்டப் படிச்சு, மறுபடி பழத்த வெச்சுட்டு வர அஞ்சு நிமிசம் ஆகுமுங்களா சார்? சாமி இருக்குன்னு சொல்றவரு நீங்கதானே. அப்ப யாரும் பாக்கலன்னு எப்படி நெனச்சீங்க?”

ராஜசேகர் லெட்டரைக் கையில் எடுத்து, இப்போதுதான் நான்காவது வரியைப் படித்தார்.

ஓரமாகக் கிடந்த பெட்டியை அவள் திரும்ப வைத்தாள். ஆகஸ்ட் வந்தது. இசக்கிமுத்துவின் வரி வந்தது. அதன் கீழே, ‘சீசன் முடியட்டும். ஓடட்டும்.’ அந்தப் பக்கத்தையும் பூஜை நாளின் ஆறு வரியையும் அவள் பிரின்ட் எடுத்தாள்.

படிக்கட்டு வரை ஹரிஹரசுதன் பின்னாலேயே வந்தார்.

“சசி, எனக்குக் குடும்பம் இருக்குதுங்க,” என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன முதல் ‘ங்க’ அது.

“மூக்கம்மாவுக்குக் கை இருந்துச்சுங்க சார்.”

அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. இந்த நாட்டில் மன்னிப்பு எப்போதும் கீழே இருப்பவர்களிடமிருந்து மேலே போகிற சரக்காகவே இருக்கிறது. எதிர்த்திசையில் ஒரு பொட்டலமாவது வந்ததுண்டா? அன்றே தாள்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆய்வாளரின் மேஜையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள். ஹரிஹரசுதன் மேல் வழக்குப் பதிவானது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சசிரேகா லீவு போட்டுப் போய் முதல் பெஞ்சில், அவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்காருகிறாள். பக்கத்தில் மூக்கம்மா, சேலைத் தலைப்பால் மூடாத வலது கையோடு.

“மூடிக்கட்டுமாடி?” என்று மூக்கம்மா முதல் நாள் கேட்டார்.

“வேண்டாங்க அத்தை. அவரு பாக்கலாம். அவருக்குப் பாக்க மட்டும்தான் அனுமதி.”

கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வேறு வழி இருக்கவில்லை. இப்போது ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம் உண்டு, சீட்டு கிடையாது. ‘ஒரே குடும்பம்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை வேலைக்குப் போனதும், எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் அந்தப் பாஸ்வேர்டில் நுழைய மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் தனி லாகின் வேண்டும், நீங்கள் செய்தது எது, செய்யாதது எது என்று பதிவு சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அந்த நகலை வீட்டில் வையுங்கள்.