தேனிப் பெட்டியும் கம்பத்துப் பெட்டியும்

தௌபீக் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அதை எண்ணிக்கொண்டிருந்தது வேல்விழி மட்டும்தான்.

தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய பிராட்பேண்ட் நிறுவனம். தேனியிலிருந்து கூடலூர் வரை நாலாயிரம் வீடுகளுக்கு இணைப்பு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புகார் போன் எடுக்கச் சேர்ந்த வேல்விழி, வீடியோ பார்த்தே படித்து, டி.என்.எஸ் சர்வர் ஒன்றைத் தானே அமைத்தாள். யாராவது போனில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பும் பெட்டி அது. அலுவலகத்தில் அதற்குப் பெயரே 'வேலு பெட்டி'.

தௌபீக் உத்தமபாளையத்துப் பையன், கோவையில் படித்தவன். வந்த வேகத்தில் கம்பம் கிளையில் நூறு வீடுகளுக்கு மட்டும் சோதனையாக இன்னொரு பெட்டி வைத்தான். லைன்மேன் மொக்கைச்சாமிகூட இப்போது சந்தேகத்தை அவனிடம்தான் கேட்கிறார்.

புதன்கிழமை காலை முதலாளி முத்துக்குமரன் சொன்னார்: "திங்கக்கெழம எல்லா வீட்டையும் தம்பி பெட்டிக்கு மாத்திருவோம் வேலு. கம்பத்துல சும்மா பறக்குதுங்கிறாக."

"யாரோ சொன்னாகன்னு மாத்துவீகளாண்ணே? அளந்து பாத்துட்டு மாத்துங்க."

"அதுவும் சரிதான். நீயே அள."

அளக்கும் மென்பொருளை அன்று மதியமே நிறுவினாள். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பெட்டிகளிடமும் ஒரே பெயரைக் கேட்க வேண்டும். பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று கோடு போட வேண்டும். எந்தப் பெயரைக் கேட்பது என்ற கட்டத்தில் விரல் நின்றது. பிறகு, ஏலக்காய் விலை போடும் தளத்தின் பெயரைத் தட்டினாள்.

தெரிந்தேதான் தட்டினாள். பெட்டி ஒருமுறை கண்டுபிடித்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்தத் தளத்துக்கு அரை நிமிடம். நாலாயிரம் வீட்டில் யாராவது ஒருவர் அதற்குள் ஏலக்காய் விலை பார்த்துவிடுவார். அவளுடைய பெட்டியில் பதில் எப்போதும் தயார். நூறே வீடு வைத்திருக்கும் தௌபீக்கின் பெட்டி ஒவ்வொரு முறையும் வெளியே கேட்டு வர வேண்டும்.

வேல்விழி: 1. தௌபீக்: 31.

"அடேங்கப்பா," என்றார் முத்துக்குமரன். "ஏலே தௌபீக், என்னடா இது?"

வியாழன் முழுக்க தௌபீக் கேபிளை மாற்றினான். வெள்ளியன்று பஸ் பிடித்துக் கம்பம் போய்ப் பெட்டியையே திறந்து பார்த்தான். அவன் இவ்வளவு அலைந்தும் அந்த 31 இறங்காததை வேல்விழி திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள், டீகூட ருசித்தது. சனிக்கிழமை காலை அவனே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"என்னோடதுல தப்பு எங்கனன்னே தெரியலக்கா. ஒங்க பெட்டி சூப்பர். சார்ட்டயும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?"

"ஆமாக்கா. ஒண்ணே ஒண்ணு. யாருமே கேக்காத புதுப் பேரு கேட்டா எம்புட்டு ஆகுதுன்னும் ஒரு கோடு போடுவீகளா?"

தோற்றதைக்கூட இவ்வளவு லேசாகச் சொல்ல இவனால் முடிகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் சாப்பிடப் போனபின், தான் முதலில் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் ஒரு புதுப் பெயரைக் கேட்கும்படி அமைத்தாள்.

தௌபீக்: 31. வேல்விழி: 412.

அரை மணி நேரம் பார்த்தும் எண் இறங்கவில்லை. பெட்டியின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். பதில் தெரியாதபோது யாரிடம் கேட்பது என்ற வரிசையில் முதல் முகவரி, எப்போதோ மூடப்பட்ட ஒரு சர்வருடையது. பெட்டியை அமைத்த புதிதில் அவளே எழுதிய வரி. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் அவள் பெட்டி முதலில் அந்த ஆளில்லாத வீட்டைத் தட்டி, காத்திருந்து, அப்புறம்தான் அடுத்த இடத்துக்குப் போயிருக்கிறது. "மொதல்ல சுத்துதும்மா, அப்புறந்தான் வருது" என்று போன் செய்த அத்தனை பேரிடமும் அவள் சொன்ன பதில்: உங்க போன் பழசு.

வரியை நீக்கினாள். எண் 35-க்கு விழுந்தது. 412 என்று காட்டும் பழைய பதிவையும் அழித்துவிட்டால் நாலாயிரம் வீடும் தன்னிடமே இருக்கும். அழிக்கும் பொத்தான்மேல் சுட்டியைக் கொண்டுபோனபோது முதலாளியும் தௌபீக்கும் உள்ளே வந்தார்கள்.

"என்னாத்தா இது, மலையில இருந்து குதிச்ச மாதிரி?" என்றார் முத்துக்குமரன், சரிந்த கோட்டைக் காட்டி.

தௌபீக் திரையைப் பார்த்தான்.

"என் பெட்டியில ஒரு தப்பு வரி இருந்துச்சுண்ணே. இப்பத்தான் எடுத்தேன். இத்தன வருசமா இருந்துருக்கு."

"சரி விடு. இப்ப ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் சார்," என்றான் தௌபீக்.

அவன் பெட்டியிடம் கேட்கும் கேள்வி கம்பம் வரை போய்த் திரும்புகிறது. அவளுடையது அடுத்த அறைக்குள்ளேயே முடிகிறது. அந்தத் தூரத்தையும் சுமந்துகொண்டே நாலு மில்லி விநாடி முந்துகிறான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தே விட்டுக்கொடுக்கிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு இல்லண்ணே. அவனோடது கம்பம் போயிட்டு வந்தும் நாலு கம்மி. ஏலக்காய் தளத்த வச்சு அளந்ததும் எனக்குத் தோதாத்தான். அவன் பெட்டிக்கே மாத்துங்க."

முத்துக்குமரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப திங்கக்கெழம. ஒன்னோடது ரெண்டாவதா நிக்கட்டும்."

அவர்கள் போனதும் மென்பொருளில் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். தௌபீக்கின் பெட்டி நாற்பதைத் தாண்டினால் உடனே தன் போன் அடிக்க வேண்டும் என்று அமைத்தாள். முப்பத்தைந்து என்று திருத்தினாள். போனின் ஒலியை முழுதாக ஏற்றி, மேசைமேல் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள்.