எடைமேடைப் பெட்டிக்குள் பூக்கட்டு

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எடைமேடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வெளியே லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பெட்டியின் மூடியைக் கழற்றிய புவனேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே, இரும்புத் தூசிக்கு அடியில், வயர்களெல்லாம் வெள்ளை நூலால் சரம் சரமாகக் கட்டப்பட்டிருந்தன. அவள் கட்டியவைதான்.

பெரியபாளையம் கோயில் வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டி வளர்ந்தவள். வயரைக் கட்டும் பிளாஸ்டிக் டை உலைச் சூட்டில் நொறுங்குகிறது என்று பூக்கட்டும் முடிச்சையே வயருக்கும் போடுவாள். அப்போது குணாவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சம்பள வேலை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தக் கடை. இந்த ஆலையின் வருஷக் கான்ட்ராக்ட் கிடைக்காவிட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

"பாத்துக் கை வைம்மா," என்றார் புதிதாக வந்திருந்த மேனேஜர் ஹேமநாத். "ஸ்டிக்கர் பாரு, குணா சார் வேலை அது. இன்னா நீட்டா கட்டிக்கீறாரு! கான்ட்ராக்ட் அவருக்குத்தான். வந்துகினு இருக்காரு. அதுவரைக்கும் லாரி நிக்கக் கூடாதுன்னுதான் உன்னக் கூப்ட்டேன்."

புவனேஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறியது. குணாவா! நல்லா இருக்கே கதை! இவள் இங்கே தூசியில் இருமிச் செத்தபோது, கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தன் பேர் போட்ட ஸ்டிக்கரைக் கொடுத்தனுப்பிய மகராசன். அதையும் இவள் கையாலேயே ஒட்ட வைத்தானே!

குணா பைக்கில் வந்து இறங்கினான். "இன்னாம்மா, நீ எங்க இங்க?"

அவள் டூல்ஸ் பையைத் திறந்தாள். கத்திரியை எடுத்து அத்தனை நூலையும் வெட்டிப் போட்டாள்.

"ஐயையோ, இன்னா பண்ற!" ஹேமநாத் பதறினார்.

"சும்மா இருங்க சார்." நூல்கண்டைக் குணாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீதானே கட்டினியாம்? கட்டுண்ணே. பாத்துக்கினு இருக்கேன்."

குணா சுற்றினான், அவிழ்ந்தது. மறுபடி சுற்றினான். ஷூ லேஸுக்குப் போடும் முடிச்சு விழுந்தது. எட்டிப் பார்த்த லாரி டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி விடும்மா," என்று ஹேமநாத் நெளிந்தார். "யாரு கட்டுனா இன்னா? பேப்பர்ல அவரு பேரு டைப் பண்ணியாச்சு. அவருக்குக் கீழ நீயே வந்து பண்ணிட்டுப் போ."

"இன்னொருத்தன் பேருக்கு என் கை இனிமே வேலை செய்யாது. அவரையே பண்ணச் சொல்லு!" மரியாதையெல்லாம் போய்விட்டது. டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

கேட்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கடை போனால் போகட்டும். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வாட்ச்மேன் முனுசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எம்மா, நில்லு! குணா கைய விரிச்சுட்டான், சார் பேப்பர மாத்துறாராம். உன் பேரு இன்னான்னு கேக்குறாரு."

அவள் முனுசாமியிடம் சொல்லவில்லை. எடைமேடைப் பக்கம் திரும்பி, அத்தனை ஹாரனுக்கும் மேலே கேட்கும்படி கத்தினாள்.

"புவனேஸ்வரி!"