பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் பலராமனின் பட்டறையில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுபவள் மெஹ்விஷ். இரும்பை எந்த டூல் எந்த வழியாகப் போய்ச் செதுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுவாள். அதைத் திரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினுக்கு அனுப்புவாள். பார்க்காமல் அனுப்பியதே இல்லை. இந்தப் பிடிவாதத்துக்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆயுத பூஜை முடிந்து பட்டறை திறந்த அன்று அந்தத் திரை படுத்துவிட்டது. டூல் கொஞ்சம் நகரும், அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி ஒரு குதி குதிக்கும். டீ குடித்துவிட்டு வந்தாலும் அதே இடம். துல்லியத்தைக் குறைத்துப் பார்த்தாள், மற்றதையெல்லாம் மூடிப் பார்த்தாள், திரைப் படத்துக்கான டிரைவர் மென்பொருளைப் புதுசாக ஏற்றிப் பார்த்தாள். ம்ஹூம்.

பம்புக்கான இரும்பு வார்ப்பைச் செதுக்கி முடித்து அன்று மாலை வேனில் ஏற்றியாக வேண்டும். பலராமன் பின்னால் வந்து நின்றார். நல்ல மனுஷன்தான், அவசரம் வந்தால் மட்டும் நாக்கில் சனி உட்கார்ந்துவிடும்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்படியே அனுப்பிடும்மா, மெஷின்ல நிக்கிற சுப்பன் பாத்துக்குவான்.”

“பாக்காம அனுப்ப மாட்டேன் சார்.”

“அப்ப நாளையிலேருந்து புரோகிராமை சென்னையில குடுத்து வாங்கிக்கறேன். உனக்கு இங்க வேல இருக்காது.”

டிப்ளமோ முடித்தவளிடம், பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று போன இடமெல்லாம் கைவிரித்த பிறகு கிடைத்த நாற்காலி இது. விட்டுக்கொடுக்க ஆசையா என்ன? ஆனால் அந்தப் பழைய மெஷினின் கதவு சரியாக மூடாது. அதை ஓட்டும் சுப்பன் கதவருகேதான் நிற்பார்; டூல் உடைந்தால் அவர் மேல்தான் தெறிக்கும். அவள் அனுப்பவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தாள். உழைக்கவே இல்லை. படம் காட்டவென்றே வாங்கிப் போட்ட கார்டு சும்மா கிடக்க, கம்ப்யூட்டர் தன் சொந்தப் பலத்தில் முக்கி முனகிக்கொண்டிருந்தது. அவள் மேஜைக்கடியில் தலையை நுழைத்தாள்.

பூஜைக்குப் பலராமனின் மனைவி சந்திரகலா ஒரு ஸ்பேனரைக்கூட விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் வைத்த பொட்டு சரியாகக் கார்டில் திரையின் ஒயரைச் செருகும் வாயில் இருந்தது.

“சுப்பண்ணா, தொடச்சதுக்கப்புறம் ஒயரை யாரு மாட்டினது?”

“நான்தாம்மா. பொட்டு வெச்ச எடத்துல எப்படிக் குத்துறது? மேல அதே மாதிரி இன்னொரு ஓட்டை இருந்துச்சி, அதுல மாட்டிட்டேன். படம் வந்துச்சே.”

படம் வந்தது, கார்டு வழியாக வரவில்லை. மெஹ்விஷுக்குச் சிரிப்பு வந்தது. துணியை எடுத்தவள், பூஜைப் பொட்டைத் தானே துடைக்காமல் அவரிடம் நீட்டினாள். “நீங்களே எடுத்துடுங்கண்ணா.” சுப்பன் விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைத் துடைத்தார். அவள் ஒயரை மாற்றிக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள்.

திரையில் டூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பலராமன் முகம் மலர்ந்தது. பாதி வேலை தாண்டியதும் திரை சிவந்தது. வார்ப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு மேலே ஏறிப் போக வேண்டிய டூல், ஏறாமல் நேராக அதில் போய் மோதியிருந்தது.

சுப்பன் திரையில் விரலை வைத்தார். “இந்தப் பக்கந்தான் நான் நிப்பேன்.”

மெஹ்விஷ் புரோகிராமில் அந்த வரியைத் தேடி எடுத்தாள். உயரத்தில் ஒரு எண் தப்பு, அவளே அடித்தது. சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“தப்பு என்னோடது சார். நானும் தப்பு பண்ணுவேன். அதனாலதான் பாக்காம அனுப்ப மாட்டேங்கறேன்.”

பலராமன் வேன்காரருக்குப் போன் போட்டார். “இன்னிக்கு ஆவாது, நாளைக்கு வாங்க” என்றவர், ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“திருத்திட்டு மொதல்லேருந்து ஓட்டும்மா. முழுசா பாத்துடலாம்.”