கதவில் ஒட்டிய முகம்

ஒஸ்லோவில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்பதை நான் அஞ்சல் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அஞ்சல் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது ஒரு பெட்டியில் புதுப்பெயர் இருக்கும். பழைய பெயர்க்காரர் வீடு மாறினாரா, முதியோர் இல்லத்துக்குப் போனாரா, மேலேயே போய்விட்டாரா என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மூன்றாம் மாடியில் இருந்த கிழவர் என்னைக் கண்டால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் செத்து ஒரு கோடைகாலமும் கழிந்தபிறகுதான் அவருடைய பெட்டியில் ஒரு போலந்துக் குடும்பத்தின் பெயரைக் கண்டேன். அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் எனக்குச் சந்தர்ப்பம் தரவில்லை இவர்கள். சாவை இந்த நாட்டில் அழுக்குத் துணியைப்போல ஒளித்து வைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் சாவைச் சுவரில் ஒட்டுவோம். சந்தியில் இறங்கினால் விளக்குக் கம்பத்திலும் மதகிலும் கடைச் சுவரிலும் கண்ணீர் அஞ்சலிகள் இருக்கும். மேலே படம், இரு பக்கமும் மலர்வு, உதிர்வு என்று திகதிகள், கீழே இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் என்ற வரி. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் பஸ் பிடிப்போம். ஒரு வீட்டு வாசலில் படத்தைக் கண்டால் அழைப்பு எதுவும் தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கிடைத்த கதிரையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பி வந்துவிட வேண்டியதுதான். செத்தவீட்டில் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது.

என் கணவர் குகதாசன் ஒரு கார்த்திகையில் மாரடைப்பால் இறந்தார். ஒஸ்லோவில் இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். எங்கள் கட்டடத்தில் வசந்தகாலத்தில் எல்லாரும் சேர்ந்து சம்பளமில்லாமல் வளவைத் துப்புரவாக்கும் நாள் ஒன்று உண்டு, டுக்நாட் என்பார்கள். நோர்வேக்காரர் பலர் அன்றைக்குப் பார்த்து மலைவீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் ஒரு வருடமும் தவறியதில்லை. கண்ணாடி பதித்த எங்கள் பொது வாசல் கதவின் சட்டத்துக்கு நீலப் பூச்சு அடித்ததும் இவர்தான். ஆகவே அவர் போனதும் மகள் கீர்த்தனாவைக் கொண்டு கண்ணீர் அஞ்சலி ஒன்று அடிப்பித்து, அந்தக் கதவின் கண்ணாடியில் ஒட்டுநாடாவால் ஒட்டினேன். "ஏழாலையைப் பிறப்பிடமாகவும், நோர்வே ஒஸ்லோவை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தமிழில் இருந்தது. கீழே நோர்வேஜிய மொழியில் பெயரும் கிரியை நடக்கும் இடமும் போட்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை கதவில் ஒன்றுமில்லை. மாலையில் மாரிட் வந்து மணியை அடித்தாள். அவள் எங்கள் கட்டட நிர்வாகக் குழுவின் தலைவி, முதலாம் மாடியில் இருப்பவள், ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னாள், பிறகு ஒரு கடித உறையை நீட்டினாள். உள்ளே என் கணவர் நாலாய் மடிந்து கிடந்தார். மடிப்பு சரியாக அவருடைய மூக்கின் மேலால் போயிருந்தது. "பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வாசலில் எதுவும் ஒட்டக்கூடாது என்பது விதி. நிலக்கீழ்ச் சலவை அறையில் அறிவித்தல் பலகை இருக்கிறதே, அங்கே போடலாம்" என்றாள். அந்தப் பலகையை எனக்குத் தெரியும். அதில் அப்போது யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை குத்தப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தொங்கவிடத்தான் இந்த மனுசன் எங்களுக்கு உழைத்தாரா? கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க வெறுப்பது என்று முடிவெடுத்தேன்.

ஆண்டுத்திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை அதே கதவில் ஒட்டுவேன் என்று ஆவணியிலேயே மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் இங்கே பிறந்தவள், சண்டை என்றால் ஆகாது.

"அம்மா, இஞ்சை அப்பிடிச் செய்யேலாது. ஸ்தீரெயோடை ஏன் கொழுவல்? ஃபேஸ்புக்கிலை போடுவம், எல்லாரும் பாப்பினம்." ஸ்தீரெ என்றால் அந்த நிர்வாகக் குழு.

"உன்ரை கொப்பர் ஃபேஸ்புக்குக்குள்ளையோ இருந்தவர்? இந்தக் கதவாலைதானே போய் வந்தவர்."

வேலை விட்டு வந்தால் நான் வீட்டுக்குள் அடைந்து கிடந்து இப்படி ஆகிவிட்டேன் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. எங்கள் குடியிருப்பில் ஞாயிறுகளில் காட்டுக்குள் நடக்கும் குழு ஒன்று உண்டு. அவர்கள் புரட்டாதியில் பல்கேரியாவுக்குப் போகிறார்கள் என்று அறிந்து, என்னைக் கேளாமலே என் பெயரையும் கொடுத்துவிட்டாள். அந்தக் குழுவை நடத்துபவள் யார் என்று நினைக்கிறீர்கள்? மாரிட்தான். விமானத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்து, திரும்பித் திரும்பி இனிப்பு நீட்டிக்கொண்டிருந்தாள். நான் சர்க்கரை வியாதி என்று பொய் சொன்னேன்.

நாங்கள் போய் இறங்கிய ப்ளொவ்டிவ் மிகப் பழைய நகரம். எங்கள் வழிகாட்டி தெசிஸ்லாவா என்ற இளம்பெண், மஞ்சள் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கடைத்தெருவுக்கு அடியில் ரோமானியர்களின் ஓட்டப்பந்தயத் திடல் கிடந்தது. குன்றின் சரிவில் வெள்ளைக் கல் அரங்கம் ஒன்று வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. மண்சரிவு ஒன்றுதான் அதை வெளியே காட்டிக் கொடுத்ததாம். ஆம் என்பதற்கு இந்த நாட்டார் தலையை இடம்வலமாக ஆட்டுகிறார்கள். "இங்கே படம் எடுக்கலாமா?" என்று நோர்வேக்காரர் கேட்க, அவள் சிரித்தபடி தலையை ஆட்ட, இவர்கள் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு முழித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெரிய திருப்தி. முப்பது வருடமாக என் தலையாட்டலைப் பார்த்து, "அது ஆமா, இல்லையா? வாயால் சொல்" என்று கேட்டவர்கள் அல்லவா இவர்கள்.

பழைய நகரத்துக்குள் ஏறினோம். உருண்டைக் கற்கள் பாவிய தெரு, முழங்காலைக் கொல்லும் ஏற்றம். இரண்டு பக்கமும் மேல்மாடிகள் தெருவுக்கு மேலால் நீண்டு, எதிர்வீட்டை முட்டுமாப்போல நின்றன. எல்லாரும் அண்ணாந்து அந்த மாடிகளைப் பார்த்தார்கள். நான் கதவுகளைப் பார்த்தேன். ஏனென்றால் கதவுகளில் ஆட்கள் இருந்தார்கள். கறுப்புக் கரை போட்ட வெள்ளைத் தாள், நடுவே படம், கீழே பெயரும் நாலைந்து வரிகளும். மின்கம்பத்தில் ஒரு கிழவி, பஸ் தரிப்பிடத்தில் மீசை வைத்த ஒருவர், மரத்தில் ஒரு இளைஞன். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எனக்கு வாசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு ஊர் தன் செத்தவர்களை ஒளிக்காமல் வைத்திருப்பதைக் கண்டேன்.

ஒரு மரக் கதவில் தொப்பி போட்ட ஒருவரின் படம் இருந்தது. பக்கத்தில் கறுப்பு நாடா கட்டியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது, உள்ளேயிருந்து புகை மணந்தது. எனக்கு வேறு யோசனை வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். முற்றத்தில் ஒரு வயதான அம்மா நெருப்பில் சிவப்பு மிளகாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். பெரிய, காரமில்லாத சாதி, குளிர்காலத்துக்குப் போத்தலில் அடைக்கிறதாம். நான் கை கூப்பினேன், பக்கத்திலிருந்த கதிரையில் தலை குனிந்து இருந்தேன்.

அவள் போட்ட கத்தலில் தெரு முழுக்கக் கூடியிருக்கும். இடுக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டி, வாசலைக் காட்டி, விளங்காத பாஷையில் வறுத்தெடுத்தாள். அவளைப் பார்த்தால் புருஷன் செத்த வீட்டில் இருப்பவளாகத் தெரியவில்லை. தெசிஸ்லாவா குடையோடு ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் மாரிட், மாரிட்டுக்குப் பின்னால் முழுக் குழுவும். "அந்நியர் வீட்டுக்குள் இப்படி நுழையக்கூடாது" என்றாள் மாரிட், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

நான் தெசிஸ்லாவாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் இறந்தவரின் படம் வாசலில் இருந்தால் போய் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை, வேறொன்றுமில்லை என்றேன். அவள் மொழிபெயர்த்தாள். கிழவி இடுக்கியை இறக்கினாள். அவர் இறந்து பத்து வருடமாகிவிட்டதாம். இங்கே நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு என்று மறுபடி மறுபடி புதுத் தாள் ஒட்டுவார்களாம், இது பத்தாம் ஆண்டுத் தாள். நான் பத்து வருடம் பிந்திய செத்தவீட்டுக்கு வந்திருக்கிறேன். அவளுடைய முகம் இளகவில்லை. ஆனால் ஒரு மிளகாயைக் கருகிய தோலோடு தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

அப்போதுதான் மாரிட் வாயைத் திறந்தாள். கதவருகே நின்று அந்தத் தாளைப் பார்த்தபடி, "எவ்வளவு அழகான வழக்கம்! இறந்தவர்கள் அயலவரோடு தொடர்ந்து இருக்கிறார்கள். நாம் இதையெல்லாம் இழந்துவிட்டோம்" என்றாள். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். ஒன்று போதாதென்று, கதவோடு சேர்த்து இன்னொன்றும் பிடித்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னுடைய புருஷனை நீ உரித்தெடுத்தாய்" என்றேன் நோர்வேஜிய மொழியில், எல்லாரும் கேட்க. "இதே தாள், இதே படம், இதே கதவு. நாலாய் மடித்துக் கடித உறையில் போட்டுத் தந்தாய். இங்கே வந்து அழகு என்கிறாய்."

மாரிட்டின் கழுத்து சிவந்தது. ஆனால் அவள் பின்வாங்குகிறவள் அல்ல. "அது வேறு. இது இவர்களுடைய நாடு, இவர்களுடைய வழக்கம். நம்முடைய கட்டடத்தில் விதிகள் இருக்கின்றன" என்றாள்.

"நான் எந்த நாட்டில் ஒட்டினால் அது என்னுடைய வழக்கம்?" என்று கேட்டேன். குழுவில் ஒருவர் மேல்மாடியின் மரவேலை பற்றி அவசரமாக ஏதோ கேட்டார்.

நாங்கள் சண்டை பிடிப்பதைக் கிழவி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று தெசிஸ்லாவாவைக் கேட்டறிந்தாள், பிறகு என்னைப் பார்த்து எரிச்சலோடு ஏதோ சொன்னாள். தெசிஸ்லாவா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "எதால் ஒட்டினாய் என்று கேட்கிறாள். ஒட்டுநாடாவால் ஒட்டினால் எந்த முட்டாளும் உரிப்பானாம். மாவைக் கொதிக்கக் காய்ச்சி, கொஞ்சம் சீனி போட்டு ஒட்டச் சொல்கிறாள்." அந்தப் பசை எனக்கு மறந்தா போயிருந்தது? எங்கள் ஊர்ச் சுவர்களில் வேறு எதால் ஒட்டினார்கள்? முப்பது வருடத்தில் இந்த ஒட்டுநாடா நாகரிகம் எனக்கும் தொற்றிவிட்டது. நான் எழும்பி, செத்தவீட்டு முறைப்படி எதுவும் சொல்லாமல் வெளியே வந்து சப்பாத்தைப் போட்டேன். "நன்றி கூடச் சொல்லவில்லை" என்று மாரிட் யாருக்கோ முணுமுணுத்தாள்.

கார்த்திகையில், திவசத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை, அடுப்பில் கோதுமை மாவைக் கரைத்து வைத்துக் கிண்டினேன். கீர்த்தனா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கட்டி கட்டியாக் கிடக்கு அம்மா. விடுங்கோ, நான் கிண்டுறன்" என்றாள்.

இருவருமாகக் கீழே போய், கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பசையைப் பூசி ஒட்டினோம். வெளியே உறைகுளிர், உள்ளே கணகணப்புச் சூடு. தாள் கண்ணாடியோடு கண்ணாடியாய்ப் பிடித்துக்கொண்டது. நீலச் சட்டத்துக்குள் அவர் பஸ் கம்பனிச் சீருடையில் இருந்தார். அன்றைக்கும் அடுத்த நாளும் நான் தேவையில்லாமல் அந்தக் கதவால் போய் வந்தேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது மாரிட் கதவடியில் நின்றாள். காரின் முன்கண்ணாடியில் பனி சுரண்டும் கருவி கையில் இருந்தது. காலடியில் வாளி, அதில் நனைந்த தாள் துண்டுகள். மேலேயிருந்து தொடங்கியிருக்கிறாள். அவருடைய நெற்றி, கண், சிரிப்பு எல்லாம் போய்விட்டன. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது, அழுகையும் வந்தது. அவள் என்னைப் பார்த்து, முகம் சிவக்க, "மிச்சம் வரமாட்டேன் என்கிறது" என்றாள்.

"ஓம், வராது" என்றேன் தமிழில்.

அவள் போனபிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். ஏழாலையைப் பிறப்பிடமாகவும் என்பது வாளிக்குள் போய்விட்டது. அடி ஓரத்தோடு பெயரும் கிழிந்து போயிருந்தது. நடுவே ஒரேயொரு வரி கண்ணாடியில் கல்லாய் இறுகியிருந்தது: நோர்வே ஒஸ்லோவை வசிப்பிடமாகவும் கொண்ட. யார் என்று இல்லை, எங்கிருந்து வந்தவர் என்றும் இல்லை. அதன்பிறகு வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், ஏதோ மருந்தும் அடித்துப் பார்த்தார்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது. மாரிட்டுக்கு அந்த வரியை வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அதன்மேல் கையை வைத்துத் தள்ளித்தான் அவள் வீட்டுக்குள் போகிறாள்.