புஷ்பம் சொன்ன சேதி

நேற்றுக் காலையில் எதிர்வீட்டுக் குழந்தை என் வாசலில் வந்து நின்று, "ஆயா, எங்க வூட்ல கறிக் கொழம்பு. உனுக்குக் குடுத்தா எங்களுக்குப் பத்தாதாம், அம்மா சொல்ச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. பின்னாலேயே அதன் தாய் ஓடிவந்தாள். பாவம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "இது வாய தெச்சுடணும் ஆயா" என்று குழந்தையின் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் ஒரு கிண்ணம் குழம்பும் வந்தது. நல்ல குழம்புதான். ஆனால் அந்த அடியின் சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தங்கை புஷ்பமும் அப்படித்தான் இருந்தாள். கண்ணில் பட்டதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

ஆம்பூர்ப் பக்கம் கோயிலை ஒட்டிக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓட்டுக் கொட்டகைதான் எங்கள் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஒரு மூலையில் ஆனா ஆவன்னா, இன்னொரு மூலையில் ஞானோபதேசம், நடுவில் வாய்ப்பாடு என்று மூன்றும் கலந்து ஒரு பெரிய இரைச்சலாக இருக்கும். காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீசினால் தோல் பதனிடும் கிடங்கின் வாடை உள்ளே வரும். ஊறின ஆவாரம் பட்டை, சுண்ணாம்பு, பச்சைத் தோல் மூன்றும் சேர்ந்த வாடை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது நைனாவின், எங்கள் அப்பாவின், சட்டை வாசனை. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவது நைனாவுக்கு வேலை. கடைத்தெருவில் நாங்கள் போய் நின்றால் சிலர் சற்று நகர்ந்து நிற்பார்கள். அதைப் பார்க்காதவள் போல நிற்பதற்கு நான் சின்ன வயதிலேயே பழகியிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையை சிஸ்டரம்மா என்போம். திண்டுக்கல் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டு முதலில் திகைத்தவர், பிறகு அவரே "இன்னா" என்று சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு நாக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஒரு முக்காலியைப் போட்டு, "இன்னிக்கு யார் வீட்டுச் சேதி?" என்று கேட்பார். முறை வந்த பிள்ளை அதன்மேல் ஏறி வீட்டுச் சேதி சொல்ல வேண்டும். ஆடு குட்டி போட்டது, வாலாஜாபேட்டை மாமா வந்தது, பின்கட்டில் பாம்பு புகுந்தது எல்லாம் அங்கேதான் வெளியாகும். யாருக்காவது அம்மை போட்டிருக்கிறது என்றால் உடனே எல்லோரும் முழங்காலில் நின்று மாதாவுக்கு ஓர் 'அருள் நிறைந்த' மந்திரம் சொல்வோம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு ஓடுவோம். கூடவே அந்தச் சேதிகளும் ஓடும். ஊருக்குப் பத்திரிகை அப்போது ஏது?

நான் ஐந்தாம் வகுப்பு. என்னைக் கேட்டால் புத்தகத் தமிழில், சாமியார் பிரசங்கம் வைப்பது போல் சொல்வேன். பின் வரிசை கொட்டாவி விடும். புஷ்பம் முதல் வகுப்பு, ஆறு வயது. அவள் ஏறினால் கொட்டகையே நிமிர்ந்து உட்காரும். "எங்கக்கா பாவாடைல ஓட்டை. அத்தத் திருப்பிக் கட்டிக்கினு வந்துக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. வீடு போய்ச் சேருவதற்குள் அவள் கையில் கிள்ளின தடம் சிவந்துவிட்டது. அழுதுகொண்டே, "மெய்யாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். மெய்தான். அதனால்தான் கிள்ளினேன்.

அப்புறம் ஒரு கெட்ட காலம் வந்தது. சீமையில் தோலைக் கேட்க ஆளில்லை என்றார்கள். கிடங்கில் முதலில் பாதி ஆள் போதும் என்றார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். அது வீட்டில் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நைனா வழக்கம் போலத் துண்டில் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்புவார். மூட்டையில் சோறு இல்லை என்பதும், அவர் போய்ப் பாலாற்று மணலில் ஒரு புதர் நிழலில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருப்பதும் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதே மணலில், வேறு வேறு புதர் நிழலில், எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர் வேலை போனது மற்றவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் போனால் அம்மா உப்புப் போட்ட தண்ணீரைக் கொடுப்பாள். "வாயத் தொடச்சிக்கினு போங்க" என்பாள். ஒன்றும் சாப்பிடாத வாயை நான் நன்றாகத் துடைத்துக்கொண்டு போவேன்.

ஒரு திங்கட்கிழமை புஷ்பத்தின் முறை வந்தது. ஏறி நின்றாள். பிள்ளைகள் அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"எங்க வூட்ல அடுப்பு எரியுது. ஆனா சட்டியே வெக்கல. அம்மா பச்சத் தழயப் போட்டுச் சும்மா பொகய வுடுது. கூரைல பொக வந்தாத்தான் சோறு ஆக்குறோம்னு எல்லாரும் நெனச்சிப்பாங்களாம்."

முன் வரிசையில் இரண்டு பிள்ளைகள் சிரித்தன. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்த சலேத் எழுந்து நின்றாள். நல்ல கெட்டிக்காரி, யாரிடமும் தாழ்ந்து பேசாதவள். "எங்க வூட்லயும் அப்டித்தான் சிஸ்டரம்மா" என்றாள். பிறகு இன்னொருத்தி. தோல் தரகர் மகள் சுலைகாகூட, "எங்க அம்மி ரொட்டி ரொம்ப கம்மியாப் போட்றாங்க" என்று முணுமுணுத்தாள். சிரித்த பிள்ளைகளில் ஒன்று அழ ஆரம்பித்தது. ஆக, எங்கள் தெருவில் அத்தனை கூரைகளிலும் வெறும் புகைதான் எழும்பிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தோணியார் திருநாளுக்குப் பொங்கல் வைக்கும் பெரிய அண்டாவில் சிஸ்டரம்மா கஞ்சி காய்ச்சினார். நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போது தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் புஷ்பம் உதட்டில் பருக்கையோடு, "நல்லாக்குது இல்லக்கா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் நைனா வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. "தெருவுல மானம் போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா அடிக்கவில்லை. காலி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புஷ்பத்தை மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நம்ம வூட்டுச் சங்கதிய வெளிய சொல்லலாமா?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு சிஸ்டரம்மா சொல்ச்சே நைனா."

"பொய் சொல்ல வாணாம்மா. சும்மா இரு. அது போதும்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. புஷ்பம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பாள்.

மறுநாள் நைனா மூட்டை கட்டவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வந்து கஞ்சிக்கு விறகு பிளந்தார். கொஞ்ச நேரத்தில் சலேத்தின் அப்பா வந்தார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆற்று மணலில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே ஒன்றாக நின்று வேலை செய்தார்கள். தண்ணீர் எடுத்தார்கள், ஓடு மாற்றினார்கள். பிள்ளைகள் எங்கள் பக்கம் மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள சொன்னதாலதான எனக்குத் தெரிஞ்சுது. அதை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் சிஸ்டரம்மா.

"ஒண்ணும் சொல்லலம்மா. இனிமே அது பேசாது" என்றார் நைனா. சமாதானமாகத்தான் சொன்னார்.

மழைக்குப் பிறகு கிடங்கு திறந்தது. அண்டா மறுபடி கோயில் அறைக்குள் போயிற்று. புஷ்பத்தின் முறை திரும்ப வந்தபோது முக்காலியில் ஏறி, பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு, "சேதி ஒண்ணும் இல்ல சிஸ்டரம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது எனக்கு வெட்கமாக இருப்பது ஓட்டைப் பாவாடைக்காகவும் அல்ல, கஞ்சிக்காகவும் அல்ல. அந்த அப்பாடாவுக்காகத்தான்.

புஷ்பம் அமைதியான பெண்ணாக வளர்ந்தாள். அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். காவேரிப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். எப்போது போய்க் கேட்டாலும் சிரிப்பாள். மார்பில் கட்டி வந்ததை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வேலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, இத்தனை நாள் எப்படிப் பொறுத்தாள் என்று டாக்டரம்மா எங்களைத்தான் கேட்டார்.

"ஏன்டி சொல்லல?" என்று அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா சொல்லிக்கினு" என்றாள்.

அவள் போய் வெகு காலமாகிவிட்டது. ஓட்டுக் கொட்டகையை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். சிஸ்டரம்மா மாற்றலாகிப் போனதோடு சேதி சொல்லும் வழக்கமும் நின்றது. முக்காலியில் நின்று அவள் சொன்ன வார்த்தைகள் அத்தனையும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் குரல் மட்டும் வரவில்லை.